வலது கைக்கு நூறு குத்து

சாஃப்ட்பால் என்றால் என்ன என்று அந்த மலையில் நான் விளக்கியதை எல்லாம் எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகிவிடும். கிரிக்கெட் மாதிரியா என்பார்கள். இல்லை என்பேன். அப்போ கிட்டிப்புள் மாதிரியா என்பார்கள். கடைசியில் சலித்துப்போய் ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒருத்தி இடுப்புக்குக் கீழே கையை வீசிப் பந்து போடுவாள். எதிரில் நிற்பவள் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி வரணும், வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் மாறும். பந்து போடுபவள் நாலு தப்புப் பந்து போட்டால் அடிப்பவள் சும்மா நடந்தே முதல் மூலைக்குப் போய்விடலாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் தலைமை ஆசிரியர், "அவ்ளோதானா?" என்றார். இந்த அவ்வளவுக்காக நான் ஒரு வருஷம் வெயிலில் காய்ந்து சான்றிதழ் வாங்கியிருந்தேன்.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஊர் போளூருக்குப் பக்கத்தில். முதல் வேலை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தூரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளியில், உடற்பயிற்சி ஆசிரியை. எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும். நான் சேர்ந்த மாதம்தான் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே மூன்று பந்து, இரண்டு பேட், ஏழு கையுறை, பந்து பிடிப்பவள் முகத்துக்கு ஒரு கம்பி முகமூடி. யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒரு வாரம் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டுதான் சமையல்காரர் அடுப்பு ஊதினார்.

மைதானம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. அடித்த பந்து சரிவில் இறங்கினால் கீழே சாமைக் கொல்லைக்குள் போய்த்தான் நிற்கும். போய் எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு நாள் கொல்லைக்குள் இறங்கிய எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, மேலே ஏறி வரச் சோம்பல்பட்டு, அங்கிருந்தே கையைக் கீழே வீசிப் பந்தைப் போட்டாள். சரிவுக்கு மேலே நின்றுகொண்டிருந்த என் நெஞ்சுக்கு நேராக வந்தது பந்து. சும்மா வரவில்லை, உள்ளங்கை எரிய வந்தது. இன்னொரு தடவை போடு என்றேன். அதே இடத்துக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதின்மூன்று வயது. ஒல்லி. பேச்சு கிடையாது. பள்ளிக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி வீடு, தினமும் நடந்து வருவாள். பேட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். "எனக்கு அடிக்கல்லாம் வாணாம் டீச்சர். போட்டா போதும்" என்பாள். கார்த்திகை மாதம் தீபம் முடிந்த வாரம் போளூரில் பள்ளிகளுக்கு இடையே போட்டி என்று தெரிந்ததும் அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்கு அது கடைசி வருஷம். எட்டாவது முடிந்தால் வீடு, கொல்லை, அவ்வளவுதான். மலையை விட்டு இறங்கி ஒரு முழு ஆட்டத்துக்குப் பந்து போட அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும். மறுநாளிலிருந்து மணி அடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்து நின்றாள்.

இனி என் தலைவலிகளைச் சொல்கிறேன். முதல் தலைவலி தலைமை ஆசிரியர். அவர் அறையில் ஒரு ஜோடி கர்லா கட்டை இருந்தது. இளம் வயதில் சுற்றியவராம். உடம்பில் பலம் இல்லாமல் எந்த விளையாட்டும் விளையாட்டே இல்லை என்பது அவர் கட்சி. "மொதல்ல ஒடம்பு டீச்சர், அப்புறம்தான் பந்து. பலமில்லாம பந்து போட்டா பூனை தும்முன மாதிரிதான் இருக்கும்" என்பார். காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தண்டால், பஸ்கி என்று அரை மணி நேரம் எடுத்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே செய்தும் காட்டுவார். காட்டிய மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார், ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. அவர் விட்டபிறகு என் பெண்களிடம் பந்தைக் கொடுத்தால் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு போட்ட பந்து எங்கே போகும்? கொல்லைக்குத்தான்.

பந்து முதலில், தண்டால் அப்புறம் என்றேன். முடியாது என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றேன். சரி என்றார். மூன்றாம் நாளே மறந்துவிட்டார். இப்படி ஒரு மாதம் ஓடியது. கடைசியில் அவர் வாயை அடைக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போது நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பயிற்சிக் கல்லூரியில் எழுதிய நோட்டில், பந்து வீசும் கையைத் தனியாகப் பலப்படுத்த வேண்டும் என்று இருந்தது. எடை தூக்கச் சொல்லியிருந்தது. எடைக்கு நான் எங்கே போவேன்? சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல் உரலும் இரண்டு உலக்கையும் கிடந்தன. பார்த்ததும் எனக்குள் ஒரே வெளிச்சம். உலக்கை ஏறி இறங்கும்போது தோள் வேலை செய்கிறது, முழங்கை வேலை செய்கிறது, மணிக்கட்டு வேலை செய்கிறது. பந்து போடுவதற்கு வேறென்ன வேண்டும்? எதைக் குத்துவது என்று யோசித்தேன். தானியத்தை வீணாக்கக் கூடாது. ஒரு மூட்டை உமி கொண்டுவரச் செய்து உரலில் கொட்டினேன்.

பெண்களை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு நூறு குத்து என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உமியவா டீச்சர் குத்தணும்?"

"ஆமா."

"குத்தி இன்னா பண்றது?"

"கை பலமாவும்."

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டாள். பந்து போடும் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக இன்னும் ஒரு கட்டளை போட்டேன். சிரித்துக்கொண்டே குத்தத் தொடங்கியவர்கள், ஆளுக்கு ஆள் இரண்டு குத்துக்கு ஒரு தடவை உலக்கையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தினேன். "கை மாத்தக் கூடாது. வலது கைதான பந்து போடுது? வலது கைதான் குத்தணும். நூறும் வலது."

சிரிப்பு நின்றது. "கை மாத்தாம எப்டி டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "சொன்னதச் செய்" என்றேன்.

முதல் இரண்டு வாரம் பந்து வேகமாகத்தான் வந்தது. தலைமை ஆசிரியர் உரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையாட்டினார். நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி நடந்துகொண்டேன். மூன்றாவது வாரத்தில் பந்து விழ ஆரம்பித்தது. அடிப்பவள் முன்னால் தரையில் குத்தியது, இல்லையென்றால் தலைக்கு மேலே போனது. நான் கத்தினேன். கை வலிக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டேன். "வலிக்கல டீச்சர்" என்றாள். அப்படியென்றால் கவனமில்லை, கொழுப்பு, நாலு பேர் பாராட்டியதும் தலைக்கனம் என்று முடிவுகட்டினேன். நூறை நூற்றைம்பது ஆக்கினேன். அவள் உலக்கையை எடுத்தாள், குத்தினாள்.

ஒரு திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது அவள் அம்மா வந்துவிட்டார். மகளை இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தமிழ்த்தாய் வாழ்த்து முடியும்வரைகூடப் பொறுக்காமல் நடுவில் நின்றார்.

"இங்க ஒலக்க புடிக்கச் சொல்லிக்குடுக்கற டீச்சரு யாரு?"

நூற்றிருபது பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியரும் பார்த்தார்.

"நீதானா? இவ வூட்ல ஒத்தக் கையாலயே குத்தறா. இன்னாடி இதுன்னா டீச்சரு சொன்னாங்கன்றா. கை மாத்தினா பந்துக்குப் பலம் வராதாம். தோள இங்க வந்து பாரு. நேத்து ராவெல்லாம் அனத்தறா."

அந்த மலையில் கலெக்டரே வந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். அதனால் அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. "வீட்டிலும் குத்துகிறாளா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"குத்தாம? சாம இன்னா சோறாவே வெளையுதா?"

அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுவடை முடிந்ததிலிருந்து தினமும் விடிவதற்கு முன் அம்மாவும் மகளுமாக நாலு படி சாமை குத்திவிட்டுத்தான் அவள் பள்ளிக்குக் கிளம்புகிறாள். இவள் மட்டும் இல்லை, என் அணியில் இருந்த எல்லாப் பெண்களும். மலையில் அப்போது தானியம் குத்தும் மெஷின் கிடையாது. குத்தினால்தான் சோறு. எங்கள் ஊரில் நான் பிறப்பதற்கு முன்பே மெஷின் வந்துவிட்டது. உலக்கையை நான் கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்கத்தான் பார்த்திருக்கிறேன். விடியலில் ஆயிரம் தடவை உலக்கை தூக்கிவிட்டு வந்தவர்களை, கை பலமாக வேண்டும் என்று உமி குத்த வைத்திருக்கிறேன். அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மற்றவர்கள் வீட்டில் பழையபடி கை மாற்றிக்கொண்டார்கள். இவள் மட்டும்தான் நான் சொன்னதை நம்பி, வீட்டிலும் வலது கையாலேயே குத்தியிருக்கிறாள்.

தோளைத் தொட்டுப் பார்த்தேன். வீங்கிச் சுட்டது. தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினேன். "இது உங்க டிபார்ட்மெண்ட் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கணக்குப் பாடம் எடுக்க வேண்டியவர் மாதிரி அவசரமாக உள்ளே போனார். அவர் கணக்கு எடுப்பவரே இல்லை.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். மூன்று வாரம் பந்து கூடாது, உலக்கை கூடாது, தண்ணீர்க்குடம் கூடாது என்றார். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"மூணு வாரம் இவ குத்த மாட்டா. அப்ப யாரு குத்தறது?"

எனக்குப் புரியவில்லை.

"வூட்ல அஞ்சு பேரு துன்னணும். நான் ஒருத்தியே குத்திட்டு எப்ப கொல்லைக்குப் போறது? நீ வா."

"நானா?"

"நீதான கெடுத்த?"

மறுநாள் விடிகாலை, எதிரில் நிற்பவர் தெரியாத பனியில், ஒரு மைல் நடந்து போனேன். போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய நேரத்தில் உரலுக்கு முன் நின்றேன். ஒரே உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். அவர் உலக்கை ஏறும்போது என்னுடையது இறங்க வேண்டும். மேலே போகும்போதே உலக்கையை விட்டு, அடுத்த கையால் பிடித்து இறக்க வேண்டும். நான் தூக்கினால் விடத் தெரியவில்லை, விட்டால் பிடிக்கத் தெரியவில்லை. உரல் விளிம்பில் இடித்தேன். சாமையைக் கால் பங்கு தரையில் இறைத்தேன். ஒரு தடவை அவர் உலக்கையோடு என்னுடையது மோதி, கை விர்ரென்று ஆனது.

"போளூருக்காரிக்கு அரிசி மெஷின்லயே மொளைக்குது" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெண் வலது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எதிரில் குந்தியிருந்தாள். வாயே திறக்காதவள் அப்போதுதான் பேச ஆரம்பித்தாள். "மாத்துங்க டீச்சர். இப்ப. இல்ல, இல்ல, மேல போறப்பவே மாத்தணும்." நாலாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் வெடித்தது. பள்ளியில் விசிலைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. பெட்டி அனுப்பியவன் மேல், நோட்டு எழுதச் சொன்னவர் மேல், எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற அந்தப் பெண் மேலும்கூட. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் குத்தினேன். பத்து நாளில் கை பழகிவிட்டது. கை மாற்றி மாற்றிக் குத்தினால் தோளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இது அந்த மலையில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வாரம் முடிந்ததும் துண்டை அவிழ்த்தோம். பந்து போடலாமா என்று நான் கேட்டது மகளிடம் இல்லை, அம்மாவிடம். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பந்து போடுகிற நாளில் உலக்கை கிடையாது, உலக்கை பிடிக்கிற நாளில் பந்து கிடையாது. பந்து நாட்களில் நான்தான் வந்து குத்த வேண்டும். இரண்டாவது, எத்தனை பந்து என்பதை அவர்தான் எண்ணுவார்.

"நான் எண்ண மாட்டனா?" என்றேன்.

"உனக்குக் கோவம் வந்தா எண்ணிக்கை மறந்து பூடும்" என்றார்.

முதல் நாள் மடியில் இருபது புளியங்கொட்டையோடு வந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பந்துக்கு ஒரு கொட்டையை எடுத்துத் தரையில் வைப்பார். இருபது முடிந்ததும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "போதும், வாடி" என்பார். அவள் அடுத்த பந்தைக் கையில் எடுத்திருப்பாள். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்துவிட்டுப் போவாள். நாலு நாள் கழித்து முப்பது. அதற்கப்புறம் நாற்பது. தலைமை ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "ஸ்கூல் கிரவுண்ட்ல புளியங்கொட்டை வெச்சி டிரெய்னிங்கா? பலத்துக்கு இன்னா வழி?" என்று கேட்டார். "அது வூட்லயே நடக்குது சார், நீங்க வேணா வந்து ஒரு படி குத்திப் பாருங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பந்து எப்படி வந்தது தெரியுமா? முன்னைக் காட்டிலும் நன்றாக வந்தது. நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கெடுத்ததை, ஒரு மடிக் கொட்டையை வைத்துக்கொண்டு அந்த அம்மா சரிசெய்துவிட்டார். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். வயிறெரிந்தது.

போட்டி ஆட்டத்துக்கு எத்தனை பந்து என்பதில் மட்டும் பெரிய பேரம் நடந்தது. ஐந்து சுற்று ஆட்டம், எண்பது பந்தாவது வேண்டும் என்றேன். ஐம்பது என்றார். கடைசியில் அறுபதில் நின்றது. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நாங்கள் பேரம் பேசியபோது அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

போளூருக்குப் போன பஸ்ஸில் மூன்று பெண்கள் வாந்தி எடுத்தார்கள். மலைப்பாதையில் ஒரு வளைவு விடாமல் எடுத்தார்கள். எதிர் அணி டவுன் பள்ளி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. எங்களில் பாதிப் பேர் வெறுங்கால். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஷூ ஒன்றும் உதவவில்லை. அவள் பந்து இடுப்பிலிருந்து கிளம்பி, அடிப்பவள் பேட்டைத் திருப்புவதற்குள் கையுறையில் போய் விழுந்தது. நடுவராக நின்ற வேறு பள்ளி வாத்தியார் என் பக்கம் திரும்பி, "எங்கேம்மா புடிச்சீங்க இத?" என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அவள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாக வைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் வாங்கிய உப்பு மூட்டை பக்கத்தில் இருந்தது.

கடைசிச் சுற்றில் நாங்கள் எட்டு, அவர்கள் ஆறு. அவர்களில் இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் மூலைகளில் நிற்கிறார்கள். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் ஆட்டம் எங்களுடையது. அப்போது அந்த அம்மா எழுந்து நின்றார். மடி காலி.

"போதும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நான் மைதானத்துக்குள் போனேன். அவள் பந்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒருத்திதான் டீச்சர்."

"அறுபது ஆயிடுச்சு."

"வலிக்கல டீச்சர்."

இதே சொல்லை இரண்டு வாரம் கேட்டு ஏமாந்தவள் நான். தோள் வீங்கிச் சுட்ட அன்றைக்கு முன்னாலும் இதைத்தான் சொன்னாள். இந்தத் தடவை நம்புவதாக இல்லை. கையை நீட்டினேன். "ஒன்னே ஒன்னு" என்றாள். "குடு" என்றேன். கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு அடுத்தபடியாகப் பந்து போடுகிற பெண் வந்தாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. நாலு தப்புப் பந்து, ஒருத்தி நடந்து போனாள். மறுபடி நாலு, இன்னொருத்தி நடந்தாள். மூலைகள் எல்லாம் நிறைந்திருந்ததால் கடைசி மூலையில் நின்றவளும் நடந்தே வந்துவிட்டாள், ஒரு ரன். அதற்கடுத்தவள் அடித்த பந்து சுவர் ஓரம் போய் விழுந்தது. அதை எடுத்து வருவதற்குள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். எட்டுக்கு ஒன்பது. முடிந்தது.

வெள்ளை ஷூக்காரிகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்த அம்மா கொட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். "வாக்குக் காப்பாத்தின" என்றார். தோற்ற வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆட்டம் போனால் போகட்டும், ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றினேன் என்று மலை ஏறும் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவள் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். "உன் நல்லதுக்குத்தாம்மா எடுத்தேன். மறுபடி தோள் போயிருந்தா இன்னா பண்ணுவ?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"குத்துன்னு சொன்னீங்க, குத்துனேன். கை மாத்தாதன்னீங்க, மாத்தல. போடாதன்னீங்க, போடல. அறுபதுன்னு நீங்களும் எங்கம்மாவும் பேசிக்கினீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டனே. வலிக்குதான்னு அப்பவே கேட்டேன். நீ வலிக்கலன்ன. பொய்தான அது?"

"அப்ப சொன்னது பொய்தான். வலிக்குதுன்னா நிறுத்திருவீங்கன்னு அப்டிச் சொன்னேன். இன்னைக்கி நெசமா வலிக்கல. எனக்குத் தெரியாதா டீச்சர்? கை என்னுது."

அவள் அம்மா உப்பு மூட்டையைத் தலைக்கு ஏற்றத் துணை தேடி நின்றுகொண்டிருந்தார். நான் கை கொடுக்கப் போனேன். அதற்குள் அவள் வந்து, வலது கையை மூட்டைக்கு அடியில் கொடுத்து, ஒற்றைக் கையாலேயே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "மெதுவாடி" என்று அம்மா கத்தினார். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு சுளிப்பு இல்லை. மூட்டையோடு என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள், நன்றாகப் பார்த்துக்கொள் என்பது மாதிரி. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள்.